எடைமேடையில் எப்போதும் செவ்வாய்

கரண்ட் போய் வந்தால்
அதற்குச் செவ்வாய்க்கிழமை.
ஒன்று, ஒன்று, எண்பது.
நான் பிறக்காத செவ்வாய்.
ஷம்ஷாத்தும் பிறக்காத செவ்வாய்.

போர்டில் ஈயம் வைத்துப் பற்றிய பேட்டரி
செத்துப் பதினோரு வருஷம்.
செவ்வாய் வெறுவாய் என்பார்கள்.
வாயைத் திறந்து அது கேட்பது
ஒன்றே ஒன்றுதான்:
இன்றைக்கு என்ன தேதி?

சந்தூரிலிருந்து பெங்களூரா ஏற்றி வந்த வண்டி
மேடைமேல் உறுமிக்கொண்டு நிற்கும்.
பின்னால் பர்கூர் கல் லாரி.
ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தேதியை
ஒற்றை விரலால் தட்டித் தட்டி
அதற்குச் சொல்லிக்கொண்டிருப்பேன்.
சொன்னால் நம்பும்.
ஒருமுறை தூக்கக் கலக்கத்தில்
மாசம் மாற்றிச் சொல்லிவிட்டேன்,
அதையும் நம்பி
நாற்பது ரசீது அடித்தது.

புரோகிராம் ஷம்ஷாத் எழுதினது.
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
மாடியில் கம்ப்யூட்டர் சென்டர்,
இரண்டு பேருக்கு ஒரு மெஷின்.
கீபோர்டின் இடது பாதி எனக்கு,
வலது பாதி அவளுக்கு,
ஸ்பேஸ் பாருக்குச் சண்டை.
ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தார் மில்காரர்,
இருநூறு அன்றைக்கே பிரியாணி ஆனது.

தமிழ் எழுத்து தெரியாத பெட்டிக்கு
இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் பேச வைத்தாள்.
வண்டி அசைந்தால்: ஆடாதே.
காலி வண்டி எடை போடாமல் போனால்: எங்கே ஓடுற.
பேப்பர் தீர்ந்தால்: பேப்பர் போடுடி.
அந்த டி எனக்கு.
மூன்று முதலாளி மாறியாகிவிட்டது,
யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.
அவள் ஓசூர் போனாள், பிறகு ரியாத்,
பிறகு அந்த நம்பரை வேறு யாரோ எடுத்தார்கள்.

உயிரோடு வைத்திருப்பது
பெரிய வித்தை ஒன்றுமில்லை.
ராயக்கோட்டை ரோட்டுக் காயலான் கடையில்
கிலோ கணக்கில் கார்டுகள் கிடைக்கும்.
மெமரியின் பித்தளைப் பல்லை
பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்க வேண்டும்.
மாசத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி
பல்லி முட்டையை ஓரமாக எடுத்து வைக்க வேண்டும்.
அவ்வளவுதான்.

ஆடி இரண்டாம் நாள்
பவர் சப்ளை கருகியது.
மாம்பழக் கூழ் வாசனையில்
கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை.

இளம்பரிதி வந்தான், பர்கூர் காலேஜ்.
ஹார்ட் டிஸ்க்கை மடியில் வைத்து
பைக்கில் கொண்டுபோனான்.
மறுநாள் புது மெஷின்.
அதில் ஒரு ஜன்னல்,
ஜன்னலுக்குள் அதே கறுப்புத் திரை.
அக்கா, பழசு உள்ளே இருக்குது, பாருங்க.
அதீத வேகமாக ஓடுகிறதென்று
வேகத்தைக் குறைத்துக் கொடுத்தான்.
லாரி ஏறியது. ஆடாதே, என்றது.
பேப்பரை உருவிப் பார்த்தேன்.
அவன் சிரித்தான்.
யாருக்கா இந்த டி?
தெரியவில்லை என்றேன்.

அன்று ராத்திரி இடி, மழை.
காலையில் வந்து சுவிட்சைப் போட்டால்
நேராக எடைக்கு வந்து நிற்கிறது.
தேதி சரி. கிழமை சரி. நிமிஷம்கூடச் சரி.
எங்கிருந்தோ தெரிந்துகொண்டுவிட்டது.
விரலைத் தூக்கி வைத்திருந்தேன்,
கீழே வைக்க இடமில்லை.
நாலு லோடு போனது.
என்னை அது
ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று நாள் பார்த்தேன்.
மத்தியானம் மேடை காலியாக இருந்தபோது
அது எழுந்ததும் முதலில் படிக்கிற ஃபைலைத் திறந்தேன்.
அடியில் ஷம்ஷாத்தின் கடைசி வரி.
அதற்கு மேலே
நாலே எழுத்து சேர்த்தேன்.
கை நடுங்கியது, ஸ்பெல்லிங் தப்பினால்
மில்லே நின்றுவிடும்.

இப்போது கேட்கிறது.
சரியான தேதியைத் தானே காட்டிவிட்டு
அதற்குக் கீழே கேட்கிறது.
எண்டர் மட்டும் அடித்தாலே போதும்.
நான் நாள், மாசம், வருஷம்
முழுசாகத் தட்டுகிறேன்.

ஹாரன் அடிக்கிறான் போச்சம்பள்ளி டிராக்டர்.
இருப்பா,
சொல்லிட்டு வரேன்.